சலூன் வாசலில் ஒரு நாணல் தட்டி

கிருதா வெட்டுவதில் அவரை மிஞ்ச அந்தக் கடைத்தெருவில் ஆள் கிடையாது. இந்தக் காதோரம் ஒரு கோடு, அந்தக் காதோரம் ஒரு கோடு. இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கும். யாராவது சந்தேகமாகப் பார்த்தால் சீப்பைக் குறுக்கே பிடித்துக் கண்ணாடியில் காட்டிவிடுவார். அதனால்தான் சலூன்காரருக்கு ஸ்கேல் என்று பெயர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. மனைவி மட்டும் 'என்னங்க' என்பாள், அவ்வளவுதான்.

நேர்கோடு அவருக்குத் தொழில் மட்டுமல்ல, வியாதியும்கூட. துண்டெல்லாம் ஒரே மடிப்பில் இருக்க வேண்டும். கத்திரிக்கோல்கள் உயரவாரியாகத் தொங்க வேண்டும். முடிவெட்ட வந்தவர் கழற்றிப்போட்ட செருப்பைக்கூடக் குனிந்து ஜோடியாகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் தலையில் கை வைப்பார். அப்பேர்ப்பட்டவரிடம் போய் 'உன் இடம் அலங்கோலமாகக் கிடக்கிறது' என்று சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்?

அதைச் சொன்னவர் தராசு. எதிர்வரிசையில் மளிகைக்கடை வைத்திருப்பவர். சாமானை மட்டுமல்ல, ஊரில் யார் என்ன செய்தாலும் நிறுத்துப் பார்த்து ஒரு தீர்ப்புச் சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். ஏரியை ஒட்டி ஸ்கேலின் மனைவிக்கு ஒரு வெள்ளரி வயல் உண்டு. அதற்கு அடுத்தது தராசின் பூசணி வயல். மறுபக்கம் வண்டிப் பாதை. வயல் முடிந்து தண்ணீர் தொடங்குவதற்கு நடுவே நீளமாக ஒரு துண்டுச் சேற்று நிலம் கிடக்கும். ஸ்கேல் பக்கத்தில் அது ஆளுயர நாணலும் கோரையும் பெயர் தெரியாத பூச்செடிகளுமாக மண்டிக் கிடந்தது. தராசு தன் பக்கத்தைப் போன வருடமே மழித்து எடுத்துவிட்டார்.

அன்றைக்கு முகமெல்லாம் சோப்பு நுரையோடு சாய்ந்து கிடந்தபடியே தராசு ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா ஸ்கேலு, ஊரான் தலையெல்லாம் நூல் புடிச்ச மாதிரி வெட்டுறே. உன் வயல் ஓரம் மட்டும் ஏன் பரட்டைத் தலையா கெடக்கு? பாக்கறவன் சிரிக்க மாட்டானா?"

அது அவள் வயல், தான் கடைக்கு லீவு விடுகிற நாளில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவன் என்று ஸ்கேல் நழுவப் பார்த்தார். தராசு விடவில்லை. அங்கே பாம்பு தங்கும், எலி தங்கும், பார்க்கவும் அசிங்கம் என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் ஒரு பெரிய எடைக்கல்லைத் தூக்கி வைத்தார்.

"நான் வெட்டினேன். எனக்கு என்ன கொறஞ்சு போச்சு? பூசணி அள்ளி அள்ளிக் காய்ச்சுது. சொல்லு பாப்போம்."

காய்த்ததை ஸ்கேலும்தான் கண்ணால் பார்த்தாரே. கத்தியைத் துடைத்துவிட்டுத் தாடையைச் சிரைத்தார். ஆனால் அந்தப் 'பரட்டைத் தலை' மட்டும் மனசில் போய் ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து மனைவி ஊரில் இல்லை. மகளுக்குத் தலைப்பிரசவம், துணைக்குப் போயிருந்தாள். வெள்ளரிக் கொடி படர்ந்து மொட்டு வைக்கிற பருவத்தில் வயலை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை. அது அவள் விதைத்து, அவள் களை எடுத்து, பிள்ளை மாதிரி வளர்த்த கொடி. பேருந்தில் ஏறுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே போனாள். தண்ணீர் பாய்ச்ச வேண்டும். பூ விட்ட பிறகு மருந்து கிருந்து எதையும் அடிக்கக் கூடாது. பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மகள் வரும்போது கொடி நிறையக் காய் இருக்க வேண்டும். கடைசியாக ஜன்னல் வழியே தலையை நீட்டி, "மத்தபடி சும்மா இருங்க. அது போதும்" என்றாள்.

உலகத்தில் ஸ்கேலால் முடியாத காரியம் ஒன்று உண்டென்றால் அது சும்மா இருப்பதுதான்.

அடுத்த லீவு நாளில் விடிந்ததும் அரிவாளைத் தீட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அவள் திரும்பி வந்து பார்த்து அசந்து போக வேண்டும் என்பது அவர் கணக்கு. நாணலுக்குள் காலை வைத்ததும் ஒரு நீர்க்கோழி கழுத்தை வெட்டி வெட்டிக்கொண்டு கோபமாக ஓடியது. தவளைகள் தொப் தொப்பென்று தண்ணீரில் விழுந்தன. தட்டான்கள் கூட்டமாக எழும்பிச் சுற்றின. 'போய்ட்டு அப்புறம் வாங்க' என்று அவற்றிடம் சொல்லிவிட்டு அரிவாளைப் போட்டார். வெட்டினால் வளர்ந்துவிடும், இதில் என்ன இருக்கிறது என்பதுதான் அவர் நினைப்பு. வாழ்நாள் முழுக்க முடி வெட்டியவருக்கு வேறு எப்படித் தோன்றும்?

வெட்டினார், வெட்டினார், பொழுது சாய்கிற வரை வெட்டினார். அடித்தூரைக்கூட விடவில்லை, மண்வெட்டியால் கொத்திப் புரட்டினார். நடுவில் தராசு தன் வயலிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்பதாம்ப்பா நீ ஸ்கேலு" என்று சான்றிதழும் கொடுத்துவிட்டுப் போனார். மாலையில் நிமிர்ந்து பார்த்தபோது வயலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரே நேர்கோடு. அடடா, அந்தக் கோட்டைப் பார்த்து அவர் பட்ட சந்தோஷம் இருக்கிறதே! இடுப்பு வலி கூடத் தெரியவில்லை.

வெட்டியதையெல்லாம் குவித்து நெருப்பு வைத்தார். வைப்பதற்கு முன்னால் நன்றாகக் காய்ந்து, வளைவில்லாமல் இருந்த நாணல் தண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டார். நேராக இருக்கிற எதையும் எரிக்க அவருக்கு மனசு வராது. சலூன் வாசலில் சாயங்கால வெயில் நேராக உள்ளே அடித்து, நாற்காலியில் உட்காருபவர்களுக்குக் கண் கூசும். தண்டுகளை ஒரே நீளத்துக்கு நறுக்கி, கயிற்றால் நெருக்கிக் கட்டி, ஒரு தட்டி செய்து வாசலில் மாட்டினார். 'கடை திறந்திருக்கிறது, உள்ளே வரவும்' என்ற பலகையை அதன் நடுவில் தொங்கவிட்டார். வந்தவர்களெல்லாம் தட்டியைத் தொட்டுப் பார்த்துப் பாராட்டினார்கள். ஸ்கேலுக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளரி பூக்க ஆரம்பித்தது. கொடி முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் பூ. வெள்ளரியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் பின்னால் விரல் நகம் அளவுக்கு ஒரு குட்டி வெள்ளரி பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டிருக்கும். பூவுக்கு வேலை ஆகிவிட்டால் அது திரண்டு பிஞ்சாகும். ஸ்கேல் தினமும் காலையில் கடைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். குட்டி வெள்ளரிகள் திரளவில்லை. நுனி மஞ்சளாகி, சுருங்கி, தொட்டால் கையோடு வந்தன.

தண்ணீர் போதவில்லையோ என்று கூடுதலாகப் பாய்ச்சினார். அதிகமாகிவிட்டதோ என்று நிறுத்திப் பார்த்தார். எரு வைத்தார். எதற்கும் கொடி அசைந்து கொடுக்கவில்லை. தினமும் புதிதாகப் பூத்தது. தினமும் பிஞ்சு உதிர்ந்தது.

மனைவி சாயங்காலமானால் போனில் கூப்பிடுவாள். பேத்தி பிறந்துவிட்டாள், கொழுகொழுவென்று இருக்கிறாள், தாத்தா மூக்கு என்று சொல்லிக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், பிஞ்சு விட்டதா என்று கேட்பாள். "ம்... விடுது விடுது" என்பார் இவர். போட்டோ கேட்டாள். பூவுக்கு மிகப் பக்கத்தில் போனைப் பிடித்து, பின்னால் இருப்பது எதுவும் தெரியாமல் ஒரு படம் எடுத்து அனுப்பினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். படம் அனுப்பின கையோடு அடுத்த ஆளின் மீசையில் ஒரு பக்கத்தைச் சற்று அதிகமாக எடுத்துவிட்டு, அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் சலூனில் வேடிக்கை நடந்தது.

தராசு நாற்காலியில் இருந்தார். ஒரு கன்னம் மழித்தாயிற்று. இன்னொரு கன்னத்தில் நுரை. காதுப் பக்கம் ஏதோ ரீங்கென்றது. தராசு தலையைச் சிலுப்பினார். கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்கேல் சுற்றுமுற்றும் பார்த்தார். நெல்மணி அளவு இருக்கும், கறுப்பாகப் பளபளவென்று ஒரு தேனீ. அதை விரட்டினால் இன்னொன்று. அது கண்ணாடி மேல் போய் உட்கார்ந்தது. மூன்றாவது ஒன்று சீப்பின் மேல் ஊர்ந்தது. கொட்டவில்லை, கடிக்கவில்லை, வழி தெரியாமல் சுற்றின, அவ்வளவுதான். தராசோ கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து நின்றுகொண்டார்.

"என்னப்பா இது, சலூனா தேன்கூடா? எங்கேருந்து வருதுன்னு பாரு."

பார்த்தார். வாசல் தட்டியிலிருந்துதான். நறுக்கின நாணல் தண்டின் துளையிலிருந்து ஒன்று தலையை நீட்டியது. மீசையைத் துடைத்துக்கொள்வதுபோல முன்னங்காலால் முகத்தைத் துடைத்தது. பறந்து உள்ளே வந்தது. பக்கத்துத் தண்டின் வாய் மண்ணால் பூசி அடைத்திருந்தது. அதற்குப் பக்கத்துத் தண்டும் அப்படியே. இத்தனை நாள் தினமும் துடைத்த தட்டி. இதை அவர் கவனிக்கவில்லை.

அடைத்திருந்த தண்டுகளில் ஒன்றை உருவி எடுத்தார். சவரக் கத்தியால் நீளவாக்கில், ஒரு நூல் பிசகாமல் பிளந்தார். உள்ளே அறைகள். ஒன்றை அடுத்து ஒன்றாக, மெல்லிய மண் சுவர் வைத்துத் தடுத்த அறைகள். ஒவ்வோர் அறையிலும் மஞ்சளாக ஒரு மாவு உருண்டை. அதன் மேல் சாய்ந்து படுத்தபடி ஒரு வெள்ளைப் புழு, தொட்டிலில் கிடக்கிற குழந்தை மாதிரி. ஸ்கேல் தன் சீப்பை எடுத்து அளந்து பார்த்தார். பழக்கம் விடுமா? எல்லா அறையும் ஒரே நீளம். ஒரு சுவர்கூடக் கோணல் இல்லை.

பரட்டைத் தலை என்று நினைத்து வெட்டினதற்குள்ளே, தன் கடையைவிட ஒழுங்காக யாரோ குடியிருந்திருக்கிறார்கள்.

அந்த மஞ்சள் மாவை விரலில் தொட்டார். வெள்ளரிப் பூவுக்கு நடுவில் இருக்கிற அதே தூள். அப்போதுதான் மனைவி தினமும் காலையில் செய்கிற ஒரு காரியம் ஞாபகம் வந்தது. பூக்கிற பருவத்தில் அவள் வயலில் ஒரு நிமிஷம் அசையாமல் நிற்பாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். கொடி மேல் ரீங்காரம் கேட்டதும், 'வேலையாளுங்க வந்தாச்சு' என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விடுவாள். ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று இவர் இத்தனை வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை தினமும் வயலில் நின்றாரே, ஒரு சத்தம் கேட்டதா? ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதி ஏன் என்று கூட யோசிக்கவில்லை.

எரித்த குவியலை நினைத்தார். நேராக இருந்த தண்டுகள்தான் தப்பின. வளைந்த வீடெல்லாம் குடும்பத்தோடு சாம்பலாகிவிட்டது.

"அண்ணே, கொஞ்சம் இருங்க" என்று தராசிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் மனைவியைக் கூப்பிட்டார். கூப்பிட்ட பிறகு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஏரி ஓரத்தை வெட்டிட்டேன்."

அந்தப் பக்கம் பேத்தி சிணுங்குவது கேட்டது.

"எவ்வளவு?"

"ஒட்ட."

"பிஞ்சு விடுதுன்னு சொன்னீங்க?"

"பொய்."

அதற்குப் பிறகு அவள் பேசினாள். அதை இங்கே எழுத வேண்டாம். பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு எழுதினாலும் புரியாது. முப்பது நாள் கண்விழித்து வளர்த்த கொடி என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. ஸ்கேல் சுவரைப் பார்த்தபடி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கொட்டி முடித்த பிறகு, அவள் வயல்காரி அல்லவா, குரல் மாறியது. இன்னும் பூ இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றார். கடையில் சவரத்துக்கு வைத்திருக்கிற மெத்தென்ற பிரஷில் புதிதாக ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். விடிந்ததும் பூ விரிகிற நேரத்தில் ஆண் பூவில் தொட்டு, அந்தத் தூளைப் பெண் பூவின் நடுவில் தடவ வேண்டும்; வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும்; ஒரு பூவுக்கு ஒரு தடவை தொட்டால் போதாது.

"மிச்ச நாணல்ல கடை வாசலுக்கு ஒரு தட்டி கட்டினேன், அதுக்குள்ள தேனீ குடியிருக்கு. அதை என்ன பண்றது?"

"அது என்ன உங்க வீட்டுச் சொத்தா? எடுத்த எடத்துல கொண்டு போய் வைங்க."

வெளியே வந்தால் தராசு ஒரு கன்னம் நுரையோடு பிளந்த தண்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் இரண்டு கன்னமும் மழித்து முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அது அதிசயம்தான்.

பொழுது சாய்ந்து தேனீக்கள் தண்டுக்குள் அடங்கிய பிறகு, ஈரத் துண்டைத் தட்டியின் இரண்டு பக்கமும் போர்த்தி, சைக்கிளில் கட்டி, நிறைந்த பால் குடத்தைக் கொண்டு போகிறவர் மாதிரி அலுங்காமல் குலுங்காமல் உருட்டிக்கொண்டே போனார் ஸ்கேல். மொட்டையடித்த சேற்று ஓரத்தில் இரண்டு கம்பு நட்டுத் தட்டியை நிறுத்தினார். துண்டை எடுத்தார். பலகையைக் கழற்ற மறந்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததிலிருந்து அவருக்கு வேறு தொழில். கையில் பிரஷ், குனிந்த முதுகு, கொடிக்குக் கொடி. ஆண் பூ எது பெண் பூ எது என்று பார்த்துப் பார்த்துத் தொட்டார். ஒரு வரிசை முடிவதற்குள் இடுப்பு விட்டுப்போனது. நிமிர்ந்து பார்த்தால் முன்னால் வயல் முழுக்கப் பூ சிரித்துக்கொண்டு நிற்கிறது. வெயிலோ விறுவிறுவென்று ஏறுகிறது. மதியத்துக்கு மேல் பூ கூம்பிவிட்டால் அன்றைய பூ அன்றோடு சரி. கடையைத் தாமதமாகத் திறந்தார். காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், முழங்கால் சேறோடு கத்திரிக்கோல் பிடிக்கிற ஆளைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். இத்தனை வேலையையும் அந்த நெல்மணிகள் சத்தம் போடாமல், இல்லை, கொஞ்சமாகச் சத்தம் போட்டுக்கொண்டு, யாரும் கேட்காமலே செய்துகொண்டிருந்தன என்று நினைக்கும்போதெல்லாம் அவருக்கு வெட்கமாக இருந்தது.

சில நாள் கழித்து ஏரி ஓரத்துக் கொடிகளில் பிரஷைக் கொண்டு போனபோது, பூவுக்குள்ளிருந்து ஒரு கறுப்புத் தேனீ வெளியே வந்து, இவர் பிரஷை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுத்த பூவுக்குப் போனது. ஸ்கேல் அப்படியே நின்றார். மனைவி நிற்பது போலவே அசையாமல் நின்று காதைக் கொடுத்தார். மெல்லிசாக, மிக மெல்லிசாக, அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாக ரீங்காரம். பழைய கூட்டமில்லை. ஆனாலும் வந்துவிட்டார்கள். "அப்பாடா" என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை என்பதால் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

பிஞ்சுகள் திரண்டன. இதில் ஒரு கூத்து. தட்டிக்குப் பக்கத்தில், தேனீ தொட்ட காய்களெல்லாம் நேராக, நீளமாக வளர்ந்தன. மேட்டுப் பக்கம், ஸ்கேல் தன் கையால் பிரஷ் போட்ட காய்களில் பாதி, ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் மெலிந்து, கொக்கி மாதிரி வளைந்துகொண்டன. பூவுக்குப் போதுமான தூள் சேராவிட்டால் அப்படித்தான் ஆகும் என்று மனைவி போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வாழ்நாள் முழுக்க நேர்கோடு போட்ட மனிதர், கோணல் வெள்ளரியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் சிரிப்புத்தான் வந்தது.

தராசு ஒரு காலையில் வேலி ஓரம் வந்து நின்றார். வெகுநேரம் நின்றார். அவருடைய பூசணியில் இந்தத் தடவை காயே இல்லை. பூத்தது, உதிர்ந்தது, விதை சரியில்லை, மழை சரியில்லை என்று அவரும் யார் யார் மேலேயோ பழி போட்டுப் பார்த்துவிட்டார். சலூனில் பிளந்து பார்த்த அந்தத் தண்டு அவரைத் தூங்கவிடவில்லை. மனசுக்குள் நிறுத்து, திரும்ப நிறுத்து, இப்போது வந்திருக்கிறார்.

"ஸ்கேலு, போன தடவை எனக்குப் பூசணி காய்ச்சுதே, அது என் ஓரத்தை வெட்டினதால இல்லப்பா. உன் ஓரம் வெட்டாம இருந்ததால."

ஸ்கேல் ஓரத்துத் தேனீக்கள் அவர் வயலுக்கும் சேர்த்து உழைத்திருக்கின்றன. அதை அறியாமல் 'எனக்கு என்ன குறைந்து போச்சு' என்று அவர் கேட்டார். அதைக் கேட்டு இவரும் அரிவாளைத் தூக்கினார். இரண்டு பேரும் அந்தச் சேற்று ஓரத்தில் இறங்கி நின்று பார்த்தார்கள். கொத்திப் புரட்டிய மண்ணில் தப்பிப் பிழைத்த தூர்களிலிருந்து நாணல் ஈட்டி ஈட்டியாக முளைத்திருந்தது. வளர்ந்து, முற்றி, காய்ந்து, ஒரு குடும்பம் குடிவருகிற அளவுக்கு அது வீடாக இன்னும் எத்தனையோ நாள் ஆகும். அதுவரை அதில் கால் வைப்பதில்லை என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். ஸ்கேல் பக்கத்துத் தூர் சிலவற்றைப் பெயர்த்துக் கொண்டுபோய்த் தராசு தன் பக்கம் நட்டார். மளிகைக்கடைக்காரர் முதல்முறையாக எதையும் நிறுக்காமல் வாங்கிக்கொண்டு போனார் என்று பிறகு ஸ்கேல் கேலி செய்தார்.

மனைவி வந்த அன்று வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து பையோடு நேரே வயலுக்குத்தான். பின்னால் மகள், மகள் தோளில் பேத்தி. ஸ்கேல் முன்னால் போய் நின்றுகொண்டு கையைப் பிசைந்தார். அவள் அவரைப் பார்க்கவேயில்லை. வரிசை வரிசையாகக் கொடியை விலக்கிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வழக்கமாகக் காய்ப்பதில் பாதி இருக்கும். சில இடத்தில் உதட்டைப் பிதுக்கினாள், சில இடத்தில் தலையை ஆட்டினாள். ஏரி ஓரம் வந்ததும் நின்றாள்.

வெட்டவெளியில், சேற்றுக்கு நடுவில், தன்னந்தனியாக ஒரு நாணல் தட்டி. அதன் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது பலகை: 'கடை திறந்திருக்கிறது, உள்ளே வரவும்.' பலகைக்குக் கீழே ஒரு துளையில் கறுப்புத் தேனீ ஒன்று, காலெல்லாம் மஞ்சள் தூளோடு, அவசரமாக உள்ளே போனது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பையைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகளும் சிரித்தாள். என்னவென்று தெரியாமல் பேத்தி மட்டும் கொட்டாவி விட்டது. ஸ்கேல் அசடு வழிய நின்றார்.

"படிச்சிட்டுத்தான் எல்லாம் வருதுங்களா?" என்றாள்.

"வருதே" என்றார் அவர். "பலகையை எடுத்துட்டா கோவிச்சுக்கும்."

கோணல் வெள்ளரி ஒன்றைப் பறித்துத் துடைத்து, பாதியை அவருக்குக் கொடுத்து மீதியைத் தானே கடித்தாள். நேரான காய்க்கும் அதற்கும் ருசியில் வித்தியாசம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னாள். அந்தப் பாதி வெள்ளரியோடு அவர் மேல் இருந்த கோபமும் தீர்ந்துவிட்டது என்று ஸ்கேல் புரிந்துகொண்டார்.

அடுத்த பருவம் வருவதற்குள் இரண்டு வயல் ஓரமும் பச்சை கட்டிவிட்டது. தவளைகள் முதலில் வந்தன, பிறகு தட்டான்கள். ஒரு நாள் காலையில் நீர்க்கோழி ஒன்று குஞ்சுகளைப் பின்னால் விட்டுக்கொண்டு, இடத்தின் சொந்தக்காரி மாதிரி நாணலுக்குள் நுழைந்தது. ஸ்கேல் சைக்கிளை விட்டு இறங்கி, அது போகிற வரை ஒதுங்கி நின்றார்.

சலூன் வாசலில் இப்போது வெயிலுக்கு ஒரு பழைய துணிதான் தொங்குகிறது. ஒரு நாள் நாற்காலியில் இருந்தவர் ஏரிக்கரையில் புதிதாக நிலம் வாங்கியவர். முடிவெட்டிக்கொண்டே, தான் ஓரமெல்லாம் சுத்தம் செய்ய ஆள் பேசியிருப்பதாகச் சொன்னார். கண்ணாடியில் ஸ்கேலைப் பார்த்துச் சிரித்தபடி, "உங்க ஓரம்தான் பரட்டையா இருக்கே, அது போதாதா பூச்சிக்கும் பறவைக்கும்?" என்றும் கேட்டார்.

கத்திரிக்கோல் நின்றது. ஆனால் பதில் சொன்னது ஸ்கேல் இல்லை. பெஞ்சில் தன் முறைக்காகக் காத்திருந்த தராசு, கையிலிருந்த செய்தித்தாளை மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"நானும் அப்படித்தான் சார் நெனச்சேன். நம்ம ஓரம் எதுக்குன்னு வெட்டினேன், தெரியாமலே பக்கத்துக்காரன் ஓரத்தால காய்ச்சுது. அவரும் என்னைப் பாத்து வெட்டினாரு. கடைசியில ரெண்டு பேருக்கும் ஓரமும் இல்ல, காயும் இல்ல. அவனவன் தன் ஓரத்தை விட்டு வெச்சாத்தான் எல்லாருக்கும் ஏரி இருக்கும், எல்லாருக்கும் வெள்ளாமை இருக்கும்."

வந்தவர் கண்ணாடி வழியாக ஸ்கேலைப் பார்த்தார். ஸ்கேல் சீப்பைக் குறுக்கே வைத்துக் கிருதாவின் மட்டத்தைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னார்.

"தலையில இருக்கறது முடி சார். எவ்வளவு வேணா வெட்டுங்க, வளந்துடும். ஏரி ஓரத்துல இருக்கறது வீடு. ஆள் குடியிருக்கற வீட்டை யாராவது சுத்தம் பண்றேன்னு இடிப்பாங்களா?"